பெரிய கேம், மெதுவான லைன்: கொழும்பு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு தொடர்மாடியின் நான்காம் தட்டு. எங்கள் கட்டடத்துக்கு ஃபைபர் ஏறவில்லை. 4ஜி ரவுட்டர்தான், பகலில் 8 எம்பிபிஎஸ் வந்தால் நல்ல நாள், இரவு எட்டு மணிக்கு அது 3 ஆகிவிடும். இந்த லைனை வைத்துக்கொண்டே பல வருடமாகக் கேம் இறக்கி விளையாடுகிறேன் என்பதால் சொந்தக்காரப் பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள், சில வேளை அவர்களின் அப்பாமார் என்று எல்லாரும் கேட்பது என்னிடம்தான். கேள்விகளும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டுத் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன்.

பக்கேஜில் 8 என்று போட்டிருக்கிறது, ஸ்டீமில் (கணினிக் கேம்களை வாங்கி இறக்கும் இணையக் கடை) 1தான் ஓடுகிறது. மிச்சம் 7 எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை. இணைய நிறுவனங்கள் வேகத்தை பிட்டில் சொல்லும். கேமின் அளவு பைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 8 எம்பிபிஎஸ் லைனில் செக்கனுக்கு 1 எம்பி இறங்கினால் லைன் முழுதாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஸ்டீமின் டவுன்லோட் செட்டிங்ஸில் வேகத்தை பிட்டில் காட்டச் சொல்ல ஒரு தெரிவு இருக்கிறது. மாற்றிப் பாருங்கள், மனசு கொஞ்சம் ஆறும். கேம் வந்து சேரும் நேரம் மாறாது.

சரி, 100 ஜிபி கேம் ஒன்று எத்தனை மணித்தியாலம் பிடிக்கும்?

8 எம்பிபிஎஸ்ஸில் கிட்டத்தட்ட 28 மணித்தியாலம். 4இல் 56. 16இல் 14. ஃபைபர்காரரின் 100 எம்பிபிஎஸ்ஸில் இரண்டே கால். இது இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடினால். மாலை நெரிசலையும் வீட்டில் மற்றவர்கள் யூடியூப் பார்ப்பதையும் சேர்த்தால் கால் பங்காவது கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்டன் ரிங் 60 ஜிபி கேட்கும், சைபர்பங்க் 2077 70 ஜிபி. ரெட் டெட் ரிடெம்ஷன் 2, பால்டர்ஸ் கேட் 3 இரண்டும் தலா 150 ஜிபி இடம் கேட்பவை. ஒரு ஆறுதல்: அந்த எண் டிஸ்க்கில் பிடிக்கும் இடம். இறங்கும்போது ஃபைல்கள் சுருக்கப்பட்டே வரும் என்பதால் லைனில் வருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. இன்ஸ்டோல் அழுத்தியதும் ஸ்டீம் காட்டும் டவுன்லோட் அளவைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கணக்குப் போட்ட பிறகு பக்கேஜின் மாதக் கோட்டாவையும் பாருங்கள். கோட்டா முடிந்து வேகத்தை இறக்கிவிட்டார்கள் என்றால் கேம் மட்டுமல்ல, தங்கச்சியின் ஸூம் வகுப்பும் நின்றுவிடும். அந்தச் சண்டையில் நீங்கள் வெல்லப்போவதில்லை.

ஏன் இந்தக் கேம்கள் இவ்வளவு பெருத்துவிட்டன?

4கே திரைக்கான படங்கள், பல மொழிக் குரல்கள், அசையும் காட்சிகள். இவை தெரிந்த காரணங்கள். தெரியாத காரணம், சில வேளை வேண்டுமென்றே பெருப்பிக்கிறார்கள்.

2014இல் டைட்டன்ஃபால் வந்தபோது கணினியில் 48 ஜிபி பிடித்தது. அதில் 35 ஜிபி வெறும் ஒலி, சுருக்கவே படாத ஒலி. பழைய இரட்டைக் கோர் கணினிகள் ஓடும்போதே ஒலியை விரித்துக்கொண்டிருந்தால் திணறும் என்று விரித்தபடியே கொடுத்துவிட்டார்கள். ஹெல்டைவர்ஸ் 2 இன்னும் வேடிக்கை. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் வேகமாக வாசிக்கட்டும் என்று ஒரே ஃபைலைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப வைத்திருந்தார்கள். 2025 டிசம்பரில் அந்த நகல்களை எடுத்துவிட்டு ஒரு பதிப்பு விட்டார்கள். கிட்டத்தட்ட 150 ஜிபியாக இருந்த கேம் 23 ஜிபிக்கு வந்தது. அதற்கு முன்னால் முழுதையும் 8 எம்பிபிஎஸ்ஸில் இறக்கியவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரவு டேட்டாவில் போடலாமா?

போடலாம். போடத்தான் வேண்டும். பல பக்கேஜ்களில் நள்ளிரவிலிருந்து காலை வரைக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பது பக்கேஜுக்குப் பக்கேஜ் வேறு. உங்கள் நிறுவனத்தின் ஆப்பிலேயே பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம்.

நான் ஒருமுறை சோம்பலில் இரவு 11.20க்கே டவுன்லோடை அழுத்திவிட்டுப் படுத்தேன். நாற்பது நிமிடம்தானே என்று நினைப்பு. அந்த நேரம் லைன் என்றைக்கும் இல்லாத வேகத்தில் இருந்திருக்கிறது. பகல் கோட்டாவில் மிஞ்சியிருந்த 5 ஜிபியும் 12 மணிக்குள் போய்விட்டது, மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள். அதிலிருந்து போனில் 12.05க்கு அலாரம் வைக்கிறேன்.

ஸ்டீமில் தானியங்கி அப்டேட்களை இந்த நேரத்துக்குள் மட்டும் செய் என்று சொல்லி வைக்கலாம். ஆனால் அது அப்டேட்களுக்கு. புதுக் கேமை நாமே தொடங்கி, காலையில் நாமே நிறுத்த வேண்டும். கணினி பாதி இரவில் ஸ்லீப்புக்குப் போய்விடாமல் பவர் செட்டிங்ஸை மாற்றி வைக்க மறக்காதீர்கள். திரை அணையலாம், பெட்டி தூங்கக் கூடாது.

90 சதவீதத்தில் கரண்ட் போய்விட்டால் முதலிலிருந்தா?

ஸ்டீம், அதேபோன்ற இன்னொரு கடையான எபிக், பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் எதுவானாலும் இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸ்டீம் கேம்களைக் கிட்டத்தட்ட 1 எம்பித் துண்டுகளாக வெட்டி இறக்குகிறது. வந்து சேர்ந்த துண்டு வந்ததுதான். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருண்டதே, அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு டவுன்லோட் 71 சதவீதத்தில் நின்றது. கரண்ட் வந்ததும் 71இலிருந்தே போனது. குரங்கின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டியது பிரவுசரில் நேரடியாக இறக்கும் பெரிய ஃபைல்களுக்குத்தான். சில தளங்கள் தொடர விடாது, அறுந்தால் பூச்சியம்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போன காலத்தில் கொழும்பில் பல வீடுகள் ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கின. மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கும் அது உதவும். வாங்கும்போது உங்கள் ரவுட்டரின் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று வாசித்துவிட்டு வாங்குங்கள்.

நண்பன் வீட்டில் ஃபைபர் இருக்கிறது. அங்கே இறக்கிக் கொண்டுவந்தால் வேலை செய்யுமா?

செய்யும். இந்த முழுப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

என் நண்பன் கொட்டாஞ்சேனையில் இருக்கிறான், ஃபைபர். நான் பஸ்ஸில் போக வர இரண்டு மணித்தியாலம். அவனுடைய கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்ற 20 நிமிடம், என் வீட்டில் இறக்க 20 நிமிடம். மொத்தம் 160 நிமிடத்தில் 100 ஜிபி. கணக்குப் போட்டால் 83 எம்பிபிஎஸ் வருகிறது. காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வரும் பஸ், என் ரவுட்டரைவிடப் பத்து மடங்கு வேகம். அவனுடைய அம்மா தரும் மதியச் சாப்பாடு இந்தக் கணக்கில் சேராது.

செய்யும் முறை இது. கேம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், வாங்கியதோ டோட்டா 2 போல இலவசமானதோ. நண்பனின் ஸ்டீமில் அந்தக் கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து, மேனேஜ் என்பதற்குள் போய், லோக்கல் ஃபைல்களைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் கொமன், அதற்குள் கேமின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணுங்கள். வீட்டுக்கு வந்து உங்கள் ஸ்டீம்ஆப்ஸ் கொமனுக்குள் அதே பெயரில் போடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஸ்டீம் அடையாளம் காணாது. அப்புறம் இன்ஸ்டோல் அழுத்தி, அதே டிரைவைத் தெரிவு செய்யுங்கள். ஸ்டீம் முதலில் இருக்கிற ஃபைல்களைச் சோதிக்கும். இந்த இடத்தில்தான் ஆட்கள் பதறி நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். பழைய டிஸ்க்கில் அரை மணித்தியாலம்கூடப் போகலாம். சோதித்து முடித்ததும் குறையும் துண்டுகளை மட்டும் இறக்கும். கடைசியாக நான் இப்படிக் கொண்டுவந்த கேமுக்கு லைனில் இறங்கியது 300 எம்பிக்கும் குறைவு.

எபிக்கில் இதற்கென்று ஒழுங்கான வசதி இல்லை. இன்ஸ்டோலைத் தொடங்கி, ஓரிரு சதவீதத்தில் நிறுத்தி, எபிக்கை முழுதாக மூடி, அது உண்டாக்கிய ஃபோல்டருக்குள் கொண்டுவந்த ஃபைல்களைப் போட்டு, திரும்பத் திறந்து தொடர வேண்டும். எனக்குச் சரியாக வந்திருக்கிறது, ஒருமுறை வராமலும் போயிருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கை நான் லஞ்ச் ஷீட்டில் சுற்றி, சொப்பின் பையில் போட்டு, அதற்கு மேல் பழைய துவாய் ஒன்றும் சுற்றிக் கொண்டுபோவேன். சுழலும் டிஸ்க்குக்குப் பஸ்ஸின் குலுக்கலைவிட நின்றபடி கைதவறி விழுவதுதான் எமன். மழைக்குச் சொப்பின் பை.

எந்த மாதிரி ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும்?

யூஎஸ்பி 3 உள்ள 1 டிபி சாதாரணமானது போதும். யூஎஸ்பி 2 செக்கனுக்கு 30, 35 எம்பிதான் போகும், 100 ஜிபிக்கு 50 நிமிடம். யூஎஸ்பி 3இல் சுழலும் டிஸ்க்கே 100 எம்பியைத் தொடும். போர்ட்டும் யூஎஸ்பி 3 ஆக இருக்க வேண்டும். பெரும்பாலும் உள்ளே நீல நிறத்தில் இருக்கும்.

டிஸ்க்கின் ஃபோர்மட் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் அதில் ஏறாது. இடம் நிறைய இருந்தாலும் ஃபைல் பெரிது என்று சொல்லும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபோர்மட் பண்ணுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், முதலில் எடுத்து வையுங்கள். அண்ணாவின் கல்யாணப் படங்களை அழித்தவன் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக விலை கேட்டு வாங்கலாம். நம்ப முடியாத விலைக்கு 2 டிபி பென் டிரைவ் என்று யாராவது காட்டினால் திரும்பி நடந்துவிடுங்கள். கணினியில் 2 டிபி என்று காட்டும், உண்மையில் 32 ஜிபிகூட இருக்காது. எழுதுவதை எழுதியபடியே விழுங்கிவிடும்.

வீட்டில் இரண்டு கணினி. தம்பியும் நானும் தனித்தனியாக இறக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். 2023இல் ஸ்டீமில் லோக்கல் நெட்வொர்க் ட்ரான்ஸ்ஃபர் வந்தது. ஒரே ரவுட்டரில் இருக்கும் இன்னொரு கணினியில் அந்தக் கேம் இருந்தால் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும், டேட்டா கோட்டாவைத் தொடாது. டவுன்லோட் செட்டிங்ஸில் யாரிடமிருந்து எடுக்கலாம் என்பதை உங்கள் கணக்கு மட்டும், நண்பர்கள், எவரும் என்று தெரிவு செய்யலாம். தம்பிக்கு வேறு கணக்கு என்றால் நண்பர்கள் என்று இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். இரண்டு கணினியையும் கேபிளில் ரவுட்டருக்குக் கொடுத்தால் வைஃபையைவிட எவ்வளவோ வேகம்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

முதல் வேலை, ரெஸ்ட் மோடில் இணையத்தோடு தொடர்பில் இரு என்பதை ஓன் பண்ணுங்கள். இரவு முழுக்க ரிவி ஓட வேண்டியதில்லை.

இடம் போதவில்லை என்று கேமை அழிக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 5 கேமை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் நேரே ஓட்ட முடியாது, ஆனால் அங்கே நகர்த்தி வைத்திருந்து பிறகு திருப்பி எடுக்கலாம். டிஸ்க் 250 ஜிபிக்குக் குறையக் கூடாது. பிளேஸ்டேஷன் 4 கேம் என்றால் யூஎஸ்பியிலிருந்தே ஓடும். எக்ஸ்பொக்ஸுக்கு யூஎஸ்பி 3 டிஸ்க், 128 ஜிபியாவது இருக்க வேண்டும். வீட்டுக்குள் ஒரு எக்ஸ்பொக்ஸிலிருந்து இன்னொன்றுக்கு நெட்வொர்க்கில் கொப்பி பண்ணவும் விடும்.

கேமை டிஸ்க்கில் வாங்கினால் டவுன்லோட் பண்ணத் தேவையில்லைதானே?

பாதி உண்மை. பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் ஒன்றில் 100 ஜிபி வரை பிடிக்கும். நல்ல நிறுவனங்கள் கேமை அதிலேயே முழுதாகக் கொடுக்கின்றன. அப்படியான கேமை இணையமே இல்லாமல் தொடங்கலாம், முடித்த பிறகு பழைய டிஸ்க்காக விற்கவும் செய்யலாம். எல்லாரும் அப்படி இல்லை. 2022இல் வந்த கோல் ஆஃப் டியூட்டி மொடர்ன் வோர்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி. மிச்சம் முழுக்க டவுன்லோட். வாங்கும் முன் பெட்டியின் மேல் இணையம் தேவை, இவ்வளவு ஜிபி டவுன்லோட் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மறுபக்கம், மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஐரோப்பாவில் 10 டிவிடி உள்ள பெட்டியாக வந்தது. அந்தப் பெட்டி என்னிடம் இருந்திருந்தால் சாமியறையில் வைத்திருப்பேன்.

ரவுட்டரை எங்கே வைப்பது?

4ஜி ரவுட்டரை ஜன்னலோரம் வையுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் வைத்தேன், கடல் தெரியும் ஜன்னலில். அழகான ஜன்னல். மூன்று மாதம் 3 எம்பிபிஎஸ்ஸில் அவதிப்பட்ட பிறகுதான் உறைத்தது, கடலுக்குள் டவர் இல்லை. குசினி ஜன்னல் காலி வீதிப் பக்கம் பார்க்கிறது. அங்கே மாற்றியதும் 8 ஆனது. அம்மாவுக்கு மிக்ஸி வைக்க இடமில்லாமல் போனது வேறு கதை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும், டவர் சிக்னலின் பலம் அது. மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110 மோசம். ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்து அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

வீட்டுக்குள் வைஃபைக்கு, அதே அறையில் 5 கிகாஹேர்ட்ஸ், இரண்டு சுவர் தாண்டினால் 2.4. கணினிக்கு முடிந்தால் கேபிள். டவரிலிருந்து ரவுட்டருக்கு வராத வேகத்தைக் கேபிள் உண்டாக்கித் தராது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

டவுன்லோட் ரீஜனை மாற்றினால் வேகம் கூடுமா?

சில வேளை. ரீஜன் என்பது எந்த ஊர் சேர்வரிலிருந்து கேம் வருகிறது என்பது. ஸ்டீம் தானாக ஒன்றைத் தெரிவு செய்யும். மந்தமாக இருந்தால் சென்னை, மும்பை, சிங்கப்பூர் மூன்றையும் பத்துப் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். நமக்கு வெளிநாட்டு இணையம் கடலுக்கடியில் வரும் கேபிள்களில் வந்து கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம் கரையேறுகிறது. அவற்றில் எங்காவது ஒன்று அறுந்தால் ஒரு திசை மட்டும் திணறும். 2025 செப்டெம்பரில் செங்கடலில் ஜித்தாவுக்கு அருகே அறுந்தவற்றில் நம் கரைக்கு வரும் சீ-மீ-வீ 4உம் ஒன்று. அப்படியான நாட்களில் கிழக்கே சிங்கப்பூர் பக்கம் மாற்றிப் பார்ப்பதில் நட்டமில்லை. உங்கள் லைனே 4 எம்பிபிஎஸ் என்றால் ரீஜன் மாற்றி ஒன்றும் ஆகாது.

டவுன்லோட் போட்டால் வீட்டில் யாருக்கும் இன்டர்நெட் வேலை செய்வதில்லை. திட்டு வாங்கி முடியவில்லை, அண்ணா.

எங்கள் வீட்டில் இரவு எட்டரைக்கு அம்மா டொரொன்டோவில் இருக்கும் அக்காவோடு வீடியோ கோல் கதைப்பார். அங்கே அப்போது காலை பதினொன்று. டவுன்லோட் ஓடினால் அக்காவின் முகம் கட்டம் கட்டமாக உடையும், அம்மா என் அறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னால்கூடப் பரவாயில்லை.

காரணம், டவுன்லோட் லைனை விளிம்பு வரை நிரப்புகிறது. ரவுட்டரில் வரிசை நீள்கிறது, கோலின் சின்னச் சின்னப் பொதிகள் அந்த வரிசையில் காத்துக் கிடக்கின்றன. ஸ்டீமில் வேகத்துக்கு வரம்பு வையுங்கள். லைன் 8 எம்பிபிஎஸ் என்றால் 5 கொடுங்கள். மிச்ச 3இல் ஒரு வீடியோ கோல் நிம்மதியாக ஓடும். எட்டரை முதல் ஒன்பதரை வரை நான் முழுதாகவே நிறுத்திவிடுவேன். அந்த நேரம் டவரிலும் நெரிசல், இழப்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

கேம் இறங்காதபோதும் லைன் மந்தமாக இருந்தால் விண்டோஸ் அப்டேட்டைப் பாருங்கள். அதன் டெலிவரி ஒப்டிமைசேஷன் பகுதியில் மற்றக் கணினிகளோடு பகிர்வதை நிறுத்தலாம், வரம்பும் வைக்கலாம்.

அப்டேட்கள்?

விளையாடி முடித்த கேம்களுக்குத் தானியங்கி அப்டேட் வேண்டாம். ஒவ்வொரு கேமின் ப்ரொபர்ட்டீஸிலும் போய், தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று மாற்றுங்கள். நாற்பது கேம் இருந்தால் அலுப்பான வேலைதான், ஒரு மழை நாளில் செய்து முடியுங்கள்.

டவுன்லோட் பூச்சியத்தில் நிற்கிறது, ஆனால் டிஸ்க் கோடு மட்டும் ஓடுகிறது என்றால் லைன் பழுதில்லை. வந்த சின்னத் துண்டைப் பெரிய ஃபைலுக்குள் பொருத்துகிறது. அதற்கு டிஸ்க்கில் கூடுதல் இடமும் வேண்டும். நூலளவு இடம் வைத்துக்கொண்டு அப்டேட் போட்டால் பாதியில் நிற்கும்.

சேலில் வாங்கிவிட்டு ஆறுதலாக இறக்கலாமா?

கவனம். ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்க, வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். அந்த 14 நாள் வாங்கிய நிமிடத்திலிருந்து ஓடுகிறது, உங்கள் டவுன்லோட் முடிந்த நாளிலிருந்து அல்ல. இரவு டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக 150 ஜிபி இறக்கினால் அதுவே பத்து நாள். இறங்கிய பிறகு கணினி இழுக்கவில்லை என்று தெரிந்தால் சோதித்துப் பார்க்க நான்கு நாள்தான் மிச்சம். நான் சேலின் முதல் நாளில் வாங்கி, அன்றிரவே தொடங்குவேன்.

புதுக் கேமை முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு ப்ரீலோட் வசதி வந்தால் பயன்படுத்துங்கள். பூட்டிய ஃபைல்கள் சில நாள் முன்பே இறங்கும். வெளியீட்டு நேரத்தில் பூட்டைத் திறக்க டிஸ்க் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ரீபேக், அதாவது கூடச் சுருக்கிய திருட்டுப் பிரதி, எடுத்தால் பாதி அளவுதானே?

எடுத்திருக்கிறேன், மறைக்கவில்லை. பாடசாலைக் காலத்தில் எங்களில் யார்தான் கேமுக்குக் காசு கொடுத்தோம். இப்போது எடுப்பதில்லை, அதற்கு முதல் காரணம் அறமும் இல்லை. கூடச் சுருக்கியதை விரிக்க என் பழைய கணினிக்கு ஐந்து மணித்தியாலம் பிடித்தது. அப்டேட் வந்தால் பல வேளை முழு ரீபேக்கையும் திரும்ப இறக்க வேண்டும், கோட்டா இரண்டாம் முறையும் போனது. அதோடு அன்டிவைரஸை நிறுத்து என்று கேட்கும் ஒரு ஃபைலை, அப்பா ஒன்லைன் பேங்கிங் செய்யும் கணினியில் ஓட்டுவதற்கு இன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை. ஸ்டீமில் இலங்கைக்குத் தெற்காசிய டொலர் விலை. பல கேம்கள் அமெரிக்க விலையைவிடக் குறைவு, சேலில் இன்னும் இறங்கும்.

இறக்காமலே கிளவுட்டில் விளையாடினால்?

கேம் தூரத்துக் கணினியில் ஓடி, படம் மட்டும் இணையத்தில் நமக்கு வரும் முறை. மெதுவான லைனுக்கு இது மருந்தில்லை. அப்படியான சேவைகளில் ஒன்றான ஜிஃபோர்ஸ் நவ் 720பி தெளிவுக்கே 15 எம்பிபிஎஸ் கேட்கிறது, 1080பிக்கு 25. அந்த 25இல் ஒரு மணித்தியாலம் ஓடினால் 11 ஜிபி போய்விடும். பத்து மணித்தியாலத்தில் போகும் டேட்டாவில் ஒரு பெரிய கேமையே இறக்கிவிடலாம், அது உங்களிடமே இருக்கும்.

போனில் கேம்?

பிளே ஸ்டோர் காட்டும் அளவை நம்ப வேண்டாம். பப்ஜி மொபைல் போன்றவை திறந்த பிறகுதான் மிச்சத்தை இறக்கும். உள்ளே மேப்கள் தனித்தனிப் பொதிகளாக இருக்கும், விளையாடுவதை மட்டும் எடுங்கள்.

லைன் சரிவரும் வரைக்கும் விளையாட ஏதாவது?

ஸ்டார்டியூ வேலி 500 எம்பி. டெராரியா 200 எம்பி. பலாட்ரோ 150 எம்பி. மூன்றையும் என் குசினி ஜன்னல் ரவுட்டர் கால் மணித்தியாலத்தில் இறக்கிவிடும். பலாட்ரோவை மட்டும் 12.05 அலாரம் அடிக்கும் வரைக்கும் நேரம் போக்கத்தான் எடுத்தேன். போன வாரம் அலாரம் அடித்ததே கேட்கவில்லை.